முளைப்பாரி அழுகாமல், சாயாமல் வளர: விதை பொறுக்குவது முதல் குளத்தில் கரைப்பது வரை

அம்மனுக்குக் காப்புக் கட்டிய இரவே பாரி, அதாவது ஓட்டில் முளைக்கவைத்து ஊர்வலமாகத் தலையில் எடுத்துப்போகும் முளைப்பாரி, போட்டாக வேண்டும். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ அது ஒரு சாண் உயரத்துக்கு, வெளிர் மஞ்சளாக, விரல் நுழைய இடமில்லாத நெருக்கத்தில் நிற்க வேண்டும். நடுவில் கெட்டுப்போனால் திருவிழாவைத் தள்ளிவைக்க முடியாது. அதனால்தான் ஒரு பாரி அழுகினால் ‘விரதம் சுத்தமில்லை’, ‘குடும்பத்துக்கு ஆகாது’ என்று போட்ட பெண்ணின் தலையில் பழி விழுகிறது. அந்தப் பேச்சைக் காதில் வாங்க வேண்டியதில்லை. பாரி கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: பழைய விதை, மிஞ்சிய தண்ணீர், மக்காத சாணம். மூன்றையும் முன்கூட்டியே சரிசெய்துகொள்ளலாம்.

மதுரை, விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம், தேனி வட்டாரங்களில் மாரியம்மன், காளியம்மன், பத்ரகாளியம்மன் கோயில் பொங்கல்களில் எடுக்கும் முளைப்பாரிக்கான முறை இது. ஆகமக் கோயில்களில் கொடியேற்றத்துக்கு முன் நடக்கும் அங்குரார்ப்பணமும் விதை முளைக்க வைக்கும் சடங்குதான். திருமலை பிரம்மோற்சவம் அதில்தான் தொடங்குகிறது. பயிருக்கு அதிபதி சந்திரன் என்பதால் அதை இரவில் செய்கிறார்கள். ஆனால் அங்கே பாலிகை என்னும் கிண்ணங்களில் விதைப்பது அர்ச்சகர்கள். ஊர்ப் பாரியில் மண் சலிப்பதிலிருந்து கும்மி வரை ஏறக்குறைய எல்லாமே பெண்கள் பொறுப்பு.

நாள் கணக்கு

ஊர்வல நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பல ஊர்களில் செவ்வாய்க்கிழமை சாமி சாட்டிக் காப்புக் கட்டி, அடுத்த செவ்வாய் அல்லது புதனில் பொங்கல், முளைப்பாரி என்று வைத்துக்கொள்வார்கள். பங்குனி, சித்திரை வெயிலில் 7 நாளே போதும். ஆடி, ஆவணியில் 8. மழைக்காலத்திலும் மார்கழி, தை குளிரிலும் 9 அல்லது 10 நாள் வேண்டும். நாள் கூடக் கூட நன்றாக வளரும் என்று நினைத்து முன்னதாகவே போட்டுவிடக் கூடாது. இருட்டில் வளரும் முளைக்கு வெளிச்சத்திலிருந்து உணவு தயாரிக்க வழியில்லை. விதைக்குள் இருக்கும் சேமிப்பைத் தின்றுதான் உயர்கிறது. பத்து நாளைத் தாண்டினால் அந்தச் சேமிப்பு தீர்ந்து, தண்டு நூலாக இளைத்துச் சாயும்.

காப்புத் தேதி குறித்ததும் முதல் வேலை விதைச் சோதனை. காப்புக் கட்டுவதற்குப் பத்து நாள் இருக்கும்போதே ஒவ்வொரு தானியத்திலும் 100 விதையை எண்ணி, ஊறவைத்து, ஈரத்துணியில் சுற்றி மூன்று நாள் வையுங்கள். 85க்கு மேல் முளைத்தால் நல்ல விதை. 70க்குக் கீழே போனால் வேறு கடை பாருங்கள். முளைக்காத விதை சும்மா கிடப்பதில்லை. அழுகி, பக்கத்து முளைக்கும் பூசணத்தைக் கொடுக்கும்.

எந்த விதை, எவ்வளவு

ஒரு அடி விட்டமுள்ள பாரிக்கு உலர்ந்த விதை மொத்தம் 150 கிராம் சரியாக இருக்கும். தட்டைப்பயறு 50 கிராம், பாசிப்பயறு 40, நெல் 30, சோளம் 20, கம்பு 10. உயரத்தைக் கொடுப்பது தட்டைப்பயறு. அடர்த்தியைக் கொடுப்பது பாசிப்பயறு. நெல்லும் சோளமும் கம்பும் ஊசி இலையாக நிமிர்ந்து நின்று பயற்றங்கொடிகள் சாயாமல் தாங்கும். வெறும் பயறு போட்ட பாரி முதல் நான்கு நாள் பார்க்க வெகு ஜோராக இருக்கும், ஆறாம் நாள் ஒரு பக்கமாகப் படுத்துவிடும். தானியம் கலப்பது அதற்காகத்தான்.

நவதானியமும் இருக்க வேண்டும் என்பது பல ஊர் வழக்கம். கோதுமை, நெல், துவரை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை, எள், உளுந்து, கொள்ளு என்று ஒன்பது. ஒன்பதையும் சம அளவில் கொட்டிவிடாதீர்கள். கொண்டைக்கடலையும் மொச்சையும் ஈரம் கொஞ்சம் கூடினாலே கொழகொழத்து நாறும். சாத்திரத்துக்கு ஐந்தாறு விதை, அதுவும் ஓரத்தில். எள் ஒரு சிட்டிகை, மேலாகத் தூவினால் போதும். நடுவில் போட்டால் பயற்றின் அடியில் மறைந்துவிடும். துவரை மெதுவாக உயரும், கொஞ்சமாகச் சேருங்கள். உளுந்து, கொள்ளு, கோதுமை மூன்றும் நன்றாக வரும், தைரியமாகக் கூட்டலாம்.

பூசைச் சாமான் கடையில் சின்னப் பொட்டலமாக விற்கும் நவதானியம் ஓமத்துக்கு ஆகும், பாரிக்கு ஆகாது. பல வருடம் கிடந்ததாக இருக்கும். உடைத்த பருப்பும் கலந்திருக்கும். தோலோடு முழுதாக இருக்கும் விதைதான் முளைக்கும். துவரம்பருப்பு, எண்ணெய் தடவிய துவரை, அரிசி, கம்பரிசி எதுவும் வேண்டாம். நெல்லில் அவித்த நெல் உதவாது. அறுத்து ஒன்றிரண்டு வாரமே ஆன நெல்லும் சில ரகங்களில் உறக்கம் கலையாமல் ஏமாற்றும். போன போகத்து நெல்லாகப் பார்த்து வாங்குங்கள். விதைக்கடையில் சிவப்பு, நீலச் சாயத்தோடு வரும் விதை பூச்சி மருந்தோ பூசண மருந்தோ பூசியது. அது முளைக்கும். ஆனால் பாரியைக் கையால் அளைந்து, கடைசியில் மாட்டுக்கும் போடுகிறோம், குளத்திலும் விடுகிறோம். அதனால் தொடவே வேண்டாம்.

எல்லா விதையும் ஒரே நேரத்தில் ஊறக் கூடாது. நெல்லுக்கு 24 மணி நேரம் ஊறல், பிறகு ஈரச்சாக்கில் 24 மணி நேரம் மூட்டம். ஆக இரண்டு நாள் முன்னதாகவே தொடங்க வேண்டும். சோளம், கம்பு, கோதுமை 10 மணி நேரம். பயறு வகைகள் 8 மணி நேரம். மொச்சை, கொண்டைக்கடலை 10 முதல் 12. ஊறும்போது மிதப்பதை எல்லாம் வழித்துக் கொட்டிவிடுங்கள், அது பொக்கு. ஊறிய தண்ணீர் நுரைத்துப் புளித்த வாடை வந்தால் நேரம் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். பிறகு வடிகட்டி, வெள்ளைத் துணியில் கட்டி ஒரு இரவு தொங்கவிட்டால் காலையில் முனை வெடித்திருக்கும். வால் கடுகளவு நீண்டதுமே போட்டுவிடுவது நல்லது. அரை அங்குலம் விட்டுவிட்டால் பரப்பும்போது ஒடியும். ஒடிந்த முளை ஒவ்வொன்றும் அழுகலுக்கு ஒரு வாசல்.

ஓடும் எருவும்

உடைந்த பானையின் அடிப்பாகத்தை ஓடாக எடுப்பது பழைய வழக்கம். இப்போது மண்சட்டி, மூங்கில் தட்டு, பிளாஸ்டிக் பேசின் எல்லாம் வந்துவிட்டன. எதுவானாலும் 3 முதல் 4 அங்குலம் ஆழமே போதும், அடியில் ஓட்டை கட்டாயம். பேசின் என்றால் சுண்டுவிரல் பருமனில் எட்டுப் பத்து ஓட்டையாவது போடுங்கள். ஓட்டையில்லாத எவர்சில்வர் தாம்பாளத்தில் போட்டது ஐந்தாம் நாள் அடியில் நீர் கட்டி வேர் கறுத்துவிடும், மேலே பார்த்தால் தெரியாது. மண்ணோட்டுக்கு இன்னொரு வசதி, மிஞ்சிய ஈரத்தை அதுவே இழுத்துக்கொள்ளும்.

அடியில் ஒரு அங்குலம் வைக்கோல். அதன் மேல் எரு. இந்த எருதான் பாதி வெற்றி. மாட்டுச் சாணமோ ஆட்டுப் புழுக்கையோ, குறைந்தது மூன்று மாதம் கிடந்து காய்ந்து, கையில் எடுத்தால் மண் வாடை மட்டும் வரும் பதத்தில் இருக்க வேண்டும். உடைத்து மாவுச் சல்லடையைவிடச் சற்றுப் பெரிய கண்ணுள்ள சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். பச்சைச் சாணம் மக்கும்போது சூடேறும். அந்தச் சூடு இளவேரை வேகவைத்துவிடும், கூடவே புழுவும் பூசணமும் வரும். சந்தேகம் இருந்தால் எருவை நனைத்து ஒரு வாளியில் இரவு முழுக்க மூடி வையுங்கள். காலையில் நடுவில் கைவிட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருந்தால் அது இன்னும் மக்கி முடியவில்லை.

மூன்று பங்கு எருத்தூள், ஒரு பங்கு சலித்த மணல் அல்லது செம்மண். ஒரு அடி பாரிக்குக் கலவை சுமார் 4 லிட்டர் பிடிக்கும். புற்றுமண் எடுத்து வந்து போடுவது முறை என்றால் ஒரு கைப்பிடி சேருங்கள், முழுக்கப் புற்றுமண்ணாக வேண்டாம், இறுகிப்போகும். மண்ணைக் கூட்டினால் எடையும் கூடும். இந்தக் கலவையில் பாரி நனைந்து நிற்கும்போது 5, 6 கிலோவில் அடங்கும். முழுக்க மண் போட்டால் 9 கிலோவைத் தொடும், அதைத் தலையில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் ஊர் சுற்ற வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

கலவையை முதலிலேயே பிசறி ஈரமாக்குங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு கசிய வேண்டும். ஒழுகினால் அதிகம். கையை விரித்ததும் உதிர்ந்தால் போதாது. ஓட்டில் நிரப்பி, அமுக்காமல் தட்டிச் சமன் செய்யுங்கள். நெல், சோளம், கம்பை முதலில் வெளிவட்டமாகவும் பரவலாகவும் தூவி, பயறுகளை நடுவில் கூட்டிப் போட்டால் வளர்ந்தபின் நடு உயர்ந்து, ஓரம் சரிந்து, கோபுரம் மாதிரி அழகாக வரும். விதை மேல் விதை ஏறக் கூடாது. ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு ஒரே வரிசையாகக் கிடக்க வேண்டும். மேலே விரற்கடை அளவில் பாதிக்கும் குறைவாக எருத்தூள் தூவி மூடுங்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்து, குலவையிட்டு, இருட்டறையில் இறக்குங்கள்.

இருட்டறை

மஞ்சள் நிறம் வருவது இருட்டால்தான். வெளிச்சம் பட்டால் முளை பச்சை கட்டும், வளர்ச்சி குட்டையாக நின்றுவிடும். ஒரே ஒரு ஜன்னல் இடுக்கு போதும், பாரி முழுக்க அந்தப் பக்கம் வளைந்துவிடும். கோணிச்சாக்கால் ஜன்னலை மூடுங்கள், கதவுக்கு உள்பக்கம் கறுப்புத் துணி தொங்கவிடுங்கள். ஆனால் காற்று போக வழி வேண்டும். ஓட்டுச் சாய்ப்போ, மேலே சின்னத் திறப்போ உள்ள அறை நல்லது. தகரக் கூரை வேண்டவே வேண்டாம். பகலில் அடுப்பாகக் காயும். 40, 50 பாரியை ஒரே அறையில் அடைத்தால் அவற்றின் மூச்சுச் சூடே அறையை வேகவைக்கும், ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

விளக்கு ஏற்றும் ஊர்களில் அதை நடுவில் வைத்து, ஒவ்வொரு இரவும் பாரியைக் கால் வட்டம் திருப்பிவையுங்கள். ஒரே பக்கமாக வைத்தால் எல்லாம் விளக்கைப் பார்த்துக் குனியும். வைக்கோல் கிடக்கும் அறை என்பதால் விளக்கைச் சுற்றி இரண்டடிக்கு எதுவும் இருக்கக் கூடாது. எலித் தொல்லைக்குப் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து மேலே கல் வைப்பதைவிட நல்ல வழி இல்லை, காற்றும் போகும். எறும்புக்குச் சுற்றிலும் மஞ்சள்தூள் கோடு.

குளித்துவிட்டுத்தான் போக வேண்டும், செருப்போடு போகக் கூடாது, தீட்டு வீட்டார் வரக் கூடாது, ஒருவர் கையாலேயே தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று ஊருக்கு ஊர் கட்டுப்பாடு உண்டு. ஊர் முறைப்படி நடந்துகொள்ளுங்கள். ஒருவரே தண்ணீர் விடுவதில் நடைமுறை லாபமும் இருக்கிறது: ஆளுக்கு ஒரு செம்பு என்று பாசத்தில் ஊற்றித்தான் பல பாரிகள் மூழ்குகின்றன.

தண்ணீர்

முதல் மூன்று நாள் காலை, மாலை இரு வேளையும் ஒரு பாரிக்கு ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி. வேப்பிலைக் கொத்தில் தோய்த்துத் தெளிக்க வேண்டும்; செம்பால் ஊற்றினால் விதை குழிந்து ஒரு பக்கம் ஒதுங்கும். நான்காம் நாளிலிருந்து இலை மேல் தெளிப்பதை நிறுத்திவிட்டு, ஓரமாக எருவில் விடுங்கள். அடர்ந்த முளைக்கு நடுவே தண்ணீர் தங்கினால் அங்கேதான் அழுகல் ஆரம்பிக்கும். சித்திரை வெயிலில் ஒன்றரை டம்ளர் பிடிக்கும், மழைநாளில் ஒரு வேளையே போதும். கணக்கை விட விரல் முக்கியம்: எருவில் ஒரு கணு வரை நுழைத்து எடுங்கள். விரலில் தூள் ஒட்டி வந்தால் அந்த வேளைக்குத் தண்ணீர் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை தூக்கலாக இருந்தால் அண்டாவில் பிடித்து ஒரு இரவு திறந்து வைத்துவிட்டு விடுங்கள். மஞ்சள் கலப்பது நல்லதுதான், ஆனால் மஞ்சள் இருக்கிறதே என்று தண்ணீரைக் கூட்டினால் அது காப்பாற்றாது.

என்ன கெடும், ஏன்

மூன்றாம் நாள் விதைகளைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு படர்ந்திருப்பதைப் பார்த்துப் பலர் பயந்துபோய் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் அந்தப் பஞ்சு வேரை ஒட்டி மட்டும், சீராக, குட்டை மயிராக இருக்கிறதா? தண்ணீர் தெளித்ததும் படிந்து மறைகிறதா? அப்படியென்றால் அது வேர்த்தூவி, ஆரோக்கியமான அடையாளம். விதையிலிருந்து விதைக்குச் சிலந்தி வலையாகத் தாவி, தெளித்தாலும் மறையாமல், முகர்ந்தால் புழுங்கிய வாடை அடித்தால்தான் பூசணம். பூசணம் பிடித்த இடத்தை ஒரு கரண்டியால் அடி எருவோடு தோண்டி எடுத்துவிட்டு, அந்தக் குழியில் சலித்த விறகுச் சாம்பல் ஒரு பிடி போட்டு, ஒரு நாள் தண்ணீரை நிறுத்துங்கள். இரவில் அறையைத் திறந்து காற்று விடுங்கள். பெரும்பாலும் அத்தோடு நின்றுவிடும்.

தண்டின் அடி நீர்கோத்துக் கண்ணாடியாகி, தொட்டதும் மடிந்தால் அது நாற்றழுகல். அந்தப் பகுதி திரும்பி வராது. பாதிக்கு மேல் போய்விட்டால் மாற்றுப் பாரிதான் வழி. பாசிப்பயறை மட்டும் முளைகட்டிப் போட்டால் ஐந்து நாளில் அரைச் சாணுக்கு மேல் வந்துவிடும். இதைவிடப் புத்திசாலித்தனம், பத்துப் பாரிக்கு ஒன்று கூடுதலாக ஆரம்பத்திலேயே போட்டுவைப்பது.

ஒரு பக்கம் மட்டும் முளைக்காமல் வெறிச்சோடிக் கிடந்தால் விதை மேல் போட்ட எருத்தூள் அங்கே கனமாக விழுந்திருக்கும், அல்லது தரை சாய்வாக இருந்து நீர் ஒதுங்கியிருக்கும். இலை நுனி காய்ந்தால் காற்று நேராக அடிக்கிறது. எல்லாம் பச்சையாகிவிட்டால் வெளிச்சம் புகுந்துவிட்டது. கடைசி இரண்டு நாளில் இருட்டினாலும் பழைய மஞ்சள் திரும்பாது, புதிதாக வரும் பகுதி மட்டும் வெளிறும். பச்சைப் பாரி குறையுள்ள பாரி இல்லை. அப்படியே எடுத்துவரலாம்.

ஆறாம் நாள் உயரம் ஒரு சாணை நெருங்கும்போது, நடு உயரத்தில் வாழைநாரால் சுற்றி ஒரு தளர்ந்த வளையம் போடுங்கள். இறுக்கினால் அந்த இடத்திலேயே ஒடியும். நைலான் கயிறு வேண்டாம், தண்டை அறுக்கும்.

கும்மி, ஊர்வலம்

இரவு கும்மிக்காகப் பாரியை ஒவ்வொரு நாளும் வெளியே தூக்கிவருவதைத் தவிர்க்க முடிந்தால் நல்லது. அறைக்கு முன்னால் கும்மி கொட்டிவிட்டு, கடைசி இரவு மட்டும் நடுவில் இறக்கிவைக்கும் ஊர்களில் பாரி நன்றாக நிற்கிறது. முளைப்பாரிப் பாட்டுகளே ஓடு எடுத்தது, எரு எடுத்தது, விதை போட்டது, ஒவ்வொரு நாளும் வளர்ந்தது என்று வேலையை வரிசையாகச் சொல்பவை. சின்னப் பெண்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தால் முறையும் சேர்ந்தே போய்ச் சேரும். ஒலிபெருக்கி வைப்பதானால் காவல் நிலைய அனுமதி வேண்டும், இரவு 10 மணி முதல் காலை 6 வரை தடையும் உண்டு. கைதட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

ஊர்வலத்துக்கு முந்தைய இரவோடு தண்ணீரை நிறுத்துங்கள். எடை கொஞ்சம் குறையும், ஊர்வலத்தில் தலையில் ஒழுகாது. இருட்டில் வளர்ந்த இலைக்கு வெயில் தாங்கும் தோல் இல்லை. நேர் வெயிலில் அரை மணி நேரத்தில் துவண்டுவிடும், அதனால் மாலை 4 மணிக்கு முன் கிளப்பாதீர்கள். பகலில்தான் ஊர்வலம் என்றால் மெல்லிய வெள்ளைத் துணி போர்த்தி, கோயில் வாசலில் எடுங்கள். ஓரத்தில் வேப்பிலை செருகி, நடுவில் பூச்சரம் வைத்தால் போதும். ஜிகினாத்தாளும் பிளாஸ்டிக் பூவும் கடைசியில் குளத்துக்குத்தான் போகின்றன. தலைக்குச் சும்மாடு அகலமாகச் சுற்றுங்கள், ஓடு ஆடினால் முளை சாயும். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அரை அடி ஓட்டில் தனியாகப் போட்டுக்கொடுங்கள், ஒன்றரைக் கிலோவில் முடியும்.

கரைப்பது

ஓட்டின் ஓரமாக ஒரு கத்தியைச் சுற்றி ஓட்டினால் வேர்ப்பின்னல் தோசை மாதிரி முழுதாகக் கழன்று வரும். நார், பூக்கம்பி, காகிதம் எல்லாவற்றையும் கரையிலேயே எடுத்துவிடுங்கள். பேசின், ஓடு திரும்ப வீட்டுக்கு. ஓடும் ஆறு, நிறைந்த கண்மாய் என்றால் அப்படியே விடலாம். கோடையில் வற்றிய ஊரணியில் நூறு, இருநூறு பாரியையும் கொட்டினால் அது அழுகி நீரில் உள்ள பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும், மீன் மிதக்கும். அப்படிப்பட்ட ஊரில் ஒவ்வொரு பாரியிலிருந்தும் ஒரு பிடியை மட்டும் நீரில் விட்டு, மற்றதைக் கரையில் ஒரே இடத்தில் சேர்த்து, மறுநாள் வயலுக்கு எருவாகவும் மாட்டுக்குத் தீவனமாகவும் பிரித்துக்கொள்ளலாம். பூசணம் பிடித்ததை மாட்டுக்குப் போடக் கூடாது. இளம் சோளமுளை மாட்டுக்கு நஞ்சாகலாம் என்பதால் சோளம் கலந்ததையும் போடாமல் எருவாக்கிவிடுங்கள்.

இருட்டும் நேரத்தில், ஈரப் படிக்கட்டில், பாரம் தலையில் இருக்கும்போதுதான் வழுக்கும். நீந்தத் தெரிந்த இரண்டு பேர் கயிறோடு தண்ணீருக்குள் நிற்கட்டும், விளக்கு கரைப்பக்கம் இருக்கட்டும். பிள்ளைகள் பாரியைப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டு மேல்படியோடு நின்றுவிட வேண்டும்.

மண்ணோட்டைக் கழுவி வெயிலில் இரண்டு நாள் காயவைத்து வையுங்கள், அடுத்த வருடத்துக்கு ஆகும். பிளாஸ்டிக் பேசினை வெந்நீரும் சாம்பலும் போட்டுத் தேய்த்த பிறகு எடுத்துவைத்தால்தான் இந்த வருடப் பூசணம் அடுத்த காப்புக்கு வந்து நிற்காது.